செந்தூல் படிப்பகத்துத் தமிழ் நூல்கள்: படம் பிடித்து ஏஐயிடம் விட்டுவிடலாமா?

செந்தூல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர்ச் செந்தூலில் எங்கள் சங்கப் படிப்பகத்தில் இரண்டு அறை கொள்ளத் தமிழ்ப் புத்தகங்கள் கிடக்கின்றன. பாதிக்கு மேல் தோட்டப்பள்ளி ஆசிரியர்களும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களும் சேர்த்து வைத்தவை. பெரியவர் தவறிய பிறகு பிள்ளைகள் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். நாங்கள் வாங்கி அடுக்கியதோடு சரி. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் பழைய செயலாளர். அவருக்கும் இப்போது கண் சரியில்லை.

இந்த வருடம் எப்படியும் பட்டியல் போட்டுவிடுவது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் தகராறு. நிர்வாகத்தில் ஓர் இளைஞர், "கைப்பேசியில் படம் பிடி, ஏஐயிடம் கொடு, எக்செல்லில் வந்து விழும், சனி ஞாயிறில் முடிகிற வேலை" என்கிறார். இன்னொருவர், கோஹா என்ற நூலக மென்பொருள் போடவேண்டும், நூல்களை வகைபிரிக்கிற டூவி எண் ஒட்டவேண்டும், முறையாகச் செய்ய முடியாவிட்டால் தொடவே வேண்டாம் என்கிறார். எனக்கு இருவர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். இனிமேல் கேட்டலாக் என்பதே இப்படித்தான் ஆகப்போகிறதா? கையில் காசு அதிகம் இல்லை, அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கோட்பித்தன்

இளைஞர் சொல்வதுதான் சரி பாஸ். நான் சைபர்ஜெயாவில் ஆவணம் படிக்கும் மென்பொருள் வேலையில்தான் இருக்கிறேன். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், பின்னட்டை, மூன்று படம் போதும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிடும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற தமிழ் எழுத்துணரியைச் சில வருடங்களுக்கு முன்பு பார்த்துவிட்டு "வேலைக்காகாது" என்று சொன்னவர்கள் இப்போது ஒருமுறை பார்க்கவேண்டும்.

நூலகத் துறை பழைய வழக்கத்தை விடமாட்டேன் என்கிறது. நூல் விவரத்தைக் கணினியில் பதிகிற மார்க் வடிவம் 1960களில் ஹென்றியட் ஆவ்ராம் காந்த நாடாவுக்காக வடிவமைத்தது. நாடா போய்விட்டது, ஆசிரியர், தலைப்பு, வெளியீடு என்ற களங்களுக்கு 100, 245, 260 என்று எண்ணை மனப்பாடம் பண்ணுவது மட்டும் போகவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே மார்க்குக்கு மாற்றாக பிப்ஃபிரேம் என்ற புதிய வடிவத்தோடு கிளம்பிவிட்டது. மின்னூல்களுக்கு இயந்திரத்தை வைத்து விவரம் எடுக்க முடியுமா என்றும் 2022 முதல் சோதித்து வருகிறார்கள். செந்தூலில் நாம் எதற்குத் தயங்கவேண்டும்?

அட்டைப்பெட்டி

வேலைக்காலம் முழுக்கப் பட்டியல் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவள் நான். தட்டச்சு அட்டை, மைக்ரோஃபிஷ், கணினி எல்லாம் பார்த்தாயிற்று. ஏஐயைப் பார்த்துப் பயமில்லை. தலைப்பையும் ஆசிரியரையும் அது எடுக்கட்டும். அதை எழுதி எழுதித்தான் எங்களுக்கு விரல் தேய்ந்தது.

செந்தூல் தம்பி, உங்கள் அலமாரியில் நிச்சயமாக இருக்கக்கூடிய இரண்டு வகைப் புத்தகங்களை எடுத்து முதலில் அதற்குக் கொடுத்துப் பாருங்கள். ஒன்று, "தி.ஆ. 2004" என்று போட்ட கவிதைத் தொகுப்போ மாநாட்டு மலரோ. திருவள்ளுவர் ஆண்டில் 31ஐக் கழித்தால் 1973. அசட்டையாக இருந்தால் எக்செல்லில் 2004 என்று உட்கார்ந்துகொள்ளும், அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே வராது. 2004இலும் புத்தகம் வந்துகொண்டுதானே இருந்தது? இரண்டாவது, "விக்கிரம வருடம் சித்திரை மாதம்" என்று மட்டும் போட்ட பழைய பக்திப் பாட்டு, சிந்து, கும்மி. அறுபது வருடத்துக்கு ஒருமுறை விக்கிரம வரும். 1880இலும் வந்தது, 1940இலும் வந்தது, 2000இலும் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். நாமாகக் கண்டுபிடித்ததைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவோம், [1940] என்று. உறுதி இல்லையென்றால் [1940?]. கேட்டலாகர் வாங்கிய சம்பளம் அந்த அடைப்புக்குறிக்குத்தான். ஏஐ கொடுக்கிற எக்செல்லில் அது கிடையாது. படித்ததும் ஊகித்ததும் ஒரே எழுத்தில், ஒரே தைரியத்தில் வரும். எனக்கு அதோடு இருக்கிற சண்டை இந்த ஒன்றில்தான்.

பினாங்குப் பழசு

அம்மா சொன்ன விக்கிரம வருடத்துச் சரக்கு என்னிடமே ஒன்று இருக்கிறது. பினாங்கில் அச்சான முருகன் சிந்து, பதினாறு பக்கம், தாள் பிஸ்கட் மாதிரி உடைகிறது. கோட்பித்தன் எழுதியதைப் படித்த கையோடு படம் பிடித்துக் கொடுத்தேன். 1880 என்று அடித்துச் சொன்னது. பின்னட்டையைப் பாருங்கள் ஐயா: ஒரு மருந்துக்கடை விளம்பரம், அடியில் கடையின் டெலிபோன் எண், மூலையில் விலை 10 காசு. டெலிபோன் வைத்த மருந்துக்கடைக்காரர் 1880இல் ஏது? 1940தான். அந்த மருந்துக்கடை விளம்பரத்தை ஆதாரம் என்று குறிப்பில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் அடுத்து வருகிறவர் நம் 1940ஐ எதை வைத்து நம்புவார்?

இன்னொன்று. நூல் முழுக்கப் பழைய எழுத்து. லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த அச்சு. தமிழ்நாட்டில் 1978இல் சீர்திருத்தம் செய்து கைவிட்டார்களே, அதே எழுத்து. கோட்பித்தன் புகழ்கிற எழுத்துணரி அந்தத் தும்பிக்கை வந்த இடத்திலெல்லாம் இஷ்டத்துக்கு ஏதோ எழுதி வைத்திருக்கிறது. தலைப்பிலேயே ஒரு "னை" இருந்தால் அந்தப் புத்தகம் தேடலில் வராது, தொலைந்தது.

போருக்கு முந்திய பினாங்கு, சிங்கப்பூர் அச்சுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. நீரிணைக் குடியேற்ற (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்) அரசு 1886இல் நூல் பதிவுச் சட்டம் போட்டது. பதிவான நூல்களின் விவரம் அரசிதழில் வெளியானது. அதில் தமிழும் உண்டு. ஆண்டு தெரியாத நூலுக்கு அங்கே போய்ப் பார்ப்பது பலன் தரும்.

கிள்ளான்குமார்

ஏன் இவ்வளவு கஷ்டம்? புத்தகத்துல போட்டிருக்கிற ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினா எல்லா விவரமும் வந்துடுமே லா.

அட்டைப்பெட்டி

இருந்தால் வரும் குமார். ஐஎஸ்பிஎன் அனைத்துலகத் தரமானதே 1970இல்தான். நம் ஊரில் அதைக் கொடுப்பது ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிற தேசிய நூலகம். 1986ஆம் வருடத்து நூற்பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலானால் அங்கே 5 படிகள் கொடுக்கவேண்டும். செந்தூல் தம்பியின் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் அதற்கெல்லாம் முந்தியதாக இருக்கும்.

ஆய்வுப்பெண்

நான் தோட்டப்புறச் சிறுகதைகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இந்தப் பட்டியல்களைத் தேடிச் சலித்தவள் என்ற முறையில் பேசுகிறேன்.

ஆண்டைவிட எனக்குப் பெரிய தலைவலி ஊர். நம் எழுத்தாளர்கள் பலர் சொந்தக் காசு போட்டுச் சென்னையில் அச்சடித்து, பெட்டியில் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். தலைப்புப் பக்கத்தில் சென்னை முகவரி இருக்கும். முன்னுரையின் அடியில்தான் "பத்தாங் பெர்ஜுந்தை" என்றோ "சுங்கை சிப்புட்" என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். பட்டியல் போட்டவர் தலைப்புப் பக்கத்தை மட்டும் பார்த்தால் நாடு இந்தியா. மலேசிய நாவல் என்று வடிகட்டிப் பார்க்கிறவருக்கு அந்த நூல் இல்லவே இல்லை.

டூவி எண்ணும் உதவாது. 894.8113 என்றால் தமிழ்ப் புனைகதை, அவ்வளவுதான். டூவி இலக்கியத்தை மொழிவாரியாகப் பிரிக்கிறதே தவிர நாடு பார்ப்பதில்லை. மதுரைக்காரர் நாவலும் மெந்தகாப்காரர் நாவலும் ஒரே எண்ணில் தோளோடு தோள் நிற்கும். சிங்கப்பூர் தேசிய நூலகம் எண்ணுக்கு முன்னால் "எஸ்" என்று ஓர் எழுத்தைச் சேர்த்து உள்நாட்டு எழுத்தைப் பிரித்து வைக்கிறது. நாமும் செந்தூலில் "எம்" போட்டுக்கொண்டால் யார் தடுக்கப்போகிறார்கள்?

கோட்பித்தன் அண்ணன் சொன்ன மூன்று படம் போதவே போதாது. முன்னுரையின் கடைசிப் பக்கம் நான்காவது படமாகக் கட்டாயம் வேண்டும். காணிக்கைப் பக்கம் இருந்தால் அதுவும்.

கோட்பித்தன்

நான்காவது படம் ஒத்துக்கொள்கிறேன், செலவில்லாத வேலை. அச்சான ஊர் ஒரு பத்தி, ஆசிரியர் ஊர் ஒரு பத்தி. எக்செல்லில் பத்தி சேர்க்க யார் அனுமதி வேண்டும்? மார்க்கில் இதற்கு வழி இருக்கிறதா என்ன?

அட்டைப்பெட்டி

இருக்கிறது. நீங்கள் 260 என்று சொன்னீர்களே தம்பி, அது பழைய களம். இப்போது 264. அதிலேயே வெளியிட்டது யார் என்பதற்கு ஒரு வரி, அச்சடித்தது யார் என்பதற்குத் தனி வரி. ஆசிரியரே காசு போட்டு வெளியிட்டிருந்தால் வெளியீடு மலேசியா, அச்சு சென்னை. ஆனால் சென்னைப் பதிப்பகத்தின் பெயர் வெளியீட்டாளர் என்றே தலைப்புப் பக்கத்தில் இருந்தால் அதை மாற்ற நமக்கு உரிமை கிடையாது. அப்படிப்பட்ட நூலுக்கு 386 இருக்கிறது. ஆசிரியர் எந்த நாட்டவர், எந்தச் சமூகத்தவர் என்று எழுதவே 2013 வாக்கில் வந்த களம். மலேசியர் என்று அதில் போட்டுவிட்டால் நூல் எங்கே அச்சானாலும் நம் வடிகட்டியில் சிக்கும்.

"எம்" ஒட்டுவது பற்றி: ஒட்டுங்கள், அலமாரியில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இங்கே பிறந்து சிங்கப்பூர் போனவரை, தமிழ்நாட்டிலிருந்து வந்து பத்து வருடம் ஆசிரியராக இருந்து திரும்பிப் போனவரை எந்த எழுத்தில் வைப்பீர்கள்? அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான். பதிவில் இரண்டு நாடும் எழுதலாம்.

பினாங்குப் பழசு

பெயர்க் குழப்பத்தை யாரும் இன்னும் தொடவில்லையே. பெரிய பூதம் அதுதான்.

அட்டைப்பெட்டி

அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முனியாண்டி மகன் கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் "மு. கோவிந்தன்". அடையாள அட்டையில் கோவிந்தன் த/பெ முனியாண்டி. பழைய பட்டியல் விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: தமிழருக்கு இயற்பெயரில் பதிவு போடு, முதலெழுத்து பின்னால் வரட்டும். அதாவது "கோவிந்தன், மு." ஆனால் மேல்நாட்டு மென்பொருளுக்குக் கடைசியில் வரும் சொல்தான் குடும்பப் பெயர். அடையாள அட்டைப் பெயரைக் கொடுத்தால் மகன் எழுதிய புத்தகத்தை அப்பன் பெயரில் போட்டுவிடும். ஆராய்ச்சிக் கட்டுரை மேற்கோள்களில் இந்தக் கூத்தை நிதமும் பார்க்கலாம். ஏஐ படித்ததும் அந்தப் பதிவுகளைத்தான், அதனால் அதே பழக்கம் அதற்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து எழுத்து. காங்கிரஸ் நூலகப் பதிவுகளை எடுத்துப் பயன்படுத்தலாம், இலவசம்தான், கோஹாவில் இசட் 39.50 என்ற நூலகப் பரிமாற்ற நெறிமுறை வழியாக இழுக்கலாம். ஆனால் அங்கே தமிழ் நூல்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். காரணம் அலட்சியம் மட்டுமில்லை. பழைய மார்க்-8 எழுத்துத் தொகுதியில் சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு, ஹீப்ரு, சிரிலிக், கிரேக்கம் இருந்தன. தமிழ் இல்லை. வைக்க இடமில்லாததால் ஒலிபெயர்த்தார்கள். அந்த முறைப்படி "ச" வந்தால் எப்போதும் ஆங்கில "சி" எழுத்துதான். தன் பெயரை எஸ் போட்டு எழுதுகிற சுப்பிரமணியத்தை அங்கே சி எழுத்தில் தேடவேண்டும். செந்தூலில் எந்த வாசகர் அப்படித் தேடுவார்? ஆகவே இழுக்கிற பதிவில் 880 களத்தைச் சேர்த்துத் தலைப்பையும் ஆசிரியரையும் தமிழிலேயே எழுதிவிடுங்கள். ரோமன் வரி பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிநாட்டு நூலகத்தோடு ஒட்டிப் பார்க்க அது தேவைப்படும்.

மூன்றாவது புனைபெயர். நம் நாளிதழ்களின் ஞாயிறு மலரில் எழுதியவர்களுக்கு இரண்டு மூன்று பெயர் சகஜம். ஆண்கள் மனைவி பெயரில் எழுதினார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அந்தப் பக்கங்களில் யார் யார் என்ன பெயரில் எழுதினார்கள் என்று வாய்ப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்று கொஞ்சம் பேர்தான். எந்த இயந்திரமும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. எங்கும் எழுதி வைக்கவில்லையே, எதைப் படிக்கும்? செந்தூல் தம்பி, காசும் நேரமும் கொஞ்சம்தான் என்றால் டூவி எண்ணை விடுங்கள், நூல் எதைப் பற்றியது என்று சொல்கிற பொருள் தலைப்பையும் விடுங்கள். உங்கள் பழைய செயலாளரை உட்காரவைத்து ஒவ்வொரு ஆசிரியர் பெயருக்கும் யார் இவர் என்று கேட்டு எழுதுங்கள். மற்றதைப் பத்து வருடம் கழித்தும் செய்யலாம்.

கோட்பித்தன்

அம்மா, இது நியாயம். ஆனால் எழுதி எங்கே வைப்பது? சங்கத்துக் கணினியில் ஒரு கோப்பாக வைத்தால் அந்தக் கணினி கெட்டதும் போச்சு. விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில் ஏற்றுங்கள். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஓர் எண் கிடைக்கும். எல்லாப் புனைபெயரும், எல்லா எழுத்துக்கூட்டலும், தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் அந்த ஒரே எண்ணின் கீழ். கோஹாவில் அந்த எண்ணைச் சுட்டினால் போதும். பெயரைச் சரமாக வைத்து ஒட்டிப்பார்க்கும் காலம் முடிகிறது, பிப்ஃபிரேம் போகிற திசையும் அதுதான்.

தட்டச்சிலும் ஒரு கண்ணி இருக்கிறது, இதை எந்த நூலகரும் சொல்லமாட்டார். "கொ" என்று திரையில் ஒரே மாதிரி தெரியும். ஒருவர் ஒற்றைக் குறியாக அடித்திருப்பார், இன்னொருவர் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருப்பார். இன்னும் மோசம் "கௌ". கொம்புக்குப் பிறகு "ள" என்ற எழுத்தையே அடித்து வைத்திருப்பார்கள், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கௌரி என்று தேடினால் வராது. முதல் வகையை யூனிகோடு இயல்பாக்கம் தானாகச் சரிசெய்யும். இரண்டாம் வகை எழுத்துப்பிழை, அதற்குத் தனியாக நிரல் எழுதவேண்டும். யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி குறியாக்கத்தில் பழைய கோப்பு ஏதாவது இருந்தால் அதையும் அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்.

பினாங்குப் பழசு

விக்கித்தரவு யாரும் கை வைக்கக்கூடிய இடம். இன்று நாம் எழுதுவோம், நாளை ஒருவர் வந்து இரண்டு மு. கோவிந்தன்களை ஒருவராக்கிவிட்டுப் போவார். அதைவிட, உயிரோடு இருக்கிறவர் மறைத்து வைத்த புனைபெயரை நாம் ஏன் ஊருக்குச் சொல்லவேண்டும்? மறைத்து எழுதியதற்கு அவருக்குக் காரணம் இருந்திருக்கும். தோட்டத்தில் கிராணி வேலையில் இருந்துகொண்டு துரையைத் திட்டி எழுதியவர் சொந்தப் பெயரிலா எழுதுவார்?

ஆய்வுப்பெண்

எனக்கு இந்தத் தகவல் வந்தால் ஆய்வே வேறு மாதிரி ஆகும். பெண் பெயரில் வந்த கதைகளில் எத்தனை உண்மையில் பெண்கள் எழுதியவை என்பதுதான் என் இரண்டாம் இயலின் கேள்வி. இருந்தும் ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். நூலாசிரியரே ஏதாவது முன்னுரையிலோ பேட்டியிலோ சொல்லியிருந்தால் வெளியில் போடலாம், ஆதாரத்தோடு. இல்லாதவை சங்கத்தோடு இருக்கட்டும்.

கிள்ளான்குமார்

பொருள் தலைப்பு வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்ப ரப்பர் தோட்டத்தைப் பத்தின கதை வேணும்னா எப்படித் தேடுறது? தலைப்புல ரப்பர்னு இருக்காதே.

கோட்பித்தன்

நல்ல கேள்வி குமார். இதில் மட்டும் ஏஐயை நானே சிபாரிசு பண்ணமாட்டேன். காங்கிரஸ் நூலகச் சோதனையிலும் தலைப்பு, ஆசிரியர் நன்றாக வந்தன, பொருள் தலைப்பில்தான் சறுக்கியது. பொருள் தலைப்பைப் பரிந்துரைக்கிற, பின்லாந்து தேசிய நூலகத்தின் அன்னிஃப் இலவசக் கருவி, நன்றாக இருக்கிறது, ஆனால் மனிதர்கள் ஏற்கனவே பொருள் கொடுத்த பதிவுகளைக் கொட்டிப் பழக்கினால்தான் வேலை செய்யும். மலேசியத் தமிழுக்கு அப்படிப்பட்ட குவியல் எங்கே இருக்கிறது? இப்போதைக்குப் பொருளடக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக்கி 505 களத்தில் அப்படியே போடுங்கள். சிறுகதைத் தலைப்புகள் வந்துவிட்டால் "பால்மரம்" என்று தேடினாலாவது ஏதாவது சிக்கும்.

அட்டைப்பெட்டி

505 எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கிறதே தம்பி!

செந்தூல்வாசி

எல்லாருக்கும் நன்றி. புலனக்குழுவில் (வாட்ஸ்அப்) இந்த இழையைப் பகிர்ந்தேன், இளைஞரும் படித்தார். இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறோம். நான்கு படம் எடுப்பது, ஏஐ எழுதியதை ஒரு பத்தியிலும் மனிதர் சரிபார்த்ததைப் பக்கத்துப் பத்தியிலும் வைப்பது, சரிபார்த்தவர் பெயரின் முதலெழுத்தைப் போடுவது. ஆண்டு எப்படித் தெரிந்தது என்பதற்குத் தனிப் பத்தி. கோஹா அடுத்த கட்டம். பத்திகளை இப்போதே மார்க் களங்களுக்கு ஏற்ற மாதிரி பிரித்துக்கொண்டால் பிறகு மாற்றுவது சுலபம் என்று கோட்பித்தன் தனிமடலில் சொன்னார். செயலாளரிடம் வாரா வாரம் உட்காருவதற்கு இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஆய்வுப்பெண், நீங்களும் வரமுடியுமானால் சந்தோஷம்.

ஒரு சந்தேகம். பல புத்தகங்களின் உள்ளட்டையில் கொடுத்தவர் பெயர், எந்தத் தோட்டம், எந்தப் பள்ளி என்றெல்லாம் கையால் எழுதியிருக்கிறது. சிலதில் வீட்டு முகவரியே இருக்கிறது. இதையும் ஏற்றுவதா?

ஆய்வுப்பெண்

கட்டாயம் ஏற்றுங்கள். எந்தத் தோட்டத்தில் என்ன படித்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.

அட்டைப்பெட்டி

யாரிடமிருந்து வந்தது என்பது 541, முன்னால் யார் யார் கையில் இருந்தது என்பது 561. இரண்டிலும் முதல் குறியீட்டு இடத்தில் 0 போட்டால் அந்தரங்கம் என்று பொருள், 1 போட்டால் காட்டலாம். தோட்டம், பள்ளி பெயருக்கு ஒரு வரி எழுதி 1 போடுங்கள். முகவரியை இன்னொரு வரியில் எழுதி 0 போடுங்கள்.

கோட்பித்தன்

0 போட்டால் மட்டும் கோஹா தானாக மறைத்துவிடும் என்று நம்பாதீர்கள். பொதுத் திரையில் எது தெரியவேண்டும் என்பதை அமைப்பில் நாம்தான் சொல்லவேண்டும். ஏற்றுகிற அன்று நான் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதுவரை முகவரி உள்ள படங்களைப் பொது இணைப்பில் போடாதீர்கள்.